தோட்டத்திற்கு வெளியே இட்ட பெயர்கள்

சென்ற திங்கள் நம் சங்கத்து வாசகர் கூட்டத்தில், விவிலியத்தின் படைப்புக் கதையைப் பிற்காலப் புனைகதை ஆசிரியர்கள் எவ்வெவ்வாறு எடுத்தாண்டனர் என்பது பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்தனர். பேசினோம். பேசி முடித்ததும், அன்று சொன்னவற்றைக் கட்டுரையாக எழுதித் தருமாறு இவ்விதழின் ஆசிரியர் கேட்டுக்கொண்டார். எழுத அமர்ந்தபோதுதான், கூட்டத்தில் யாம் சொன்னவை குறைவு, சொல்லாது விட்டவையே மிகுதி என்பது விளங்கிற்று. விட்டவற்றையும் சேர்த்தே இங்கு எழுதுகின்றோம். அன்பர்கள் பொறுத்தருள்க.

விவிலியத்தை மறைநூலாகப் போற்றும் குடும்பங்கள் பல நம் சங்கத்தில் உள்ளன. யாம் அந்நெறியில் பிறந்தவரல்லோம். பிறர் தொழும் நூலைப் பற்றிப் பேசும்போது நாவுக்கு ஒரு கடிவாளம் வேண்டும். அதனை மறவாமலே தொடங்கினோம்.

ஆதியாகமத்தின் முதல் மூன்று அதிகாரங்களில் உலகப் படைப்பும், ஏதேன் தோட்டமும், விலக்கப்பட்ட கனியும், தோட்டத்தினின்று வெளியேற்றமும் அடங்கிவிடுகின்றன. எண்ணிப் பார்த்தால் மொத்தம் 80 வசனங்களே. அவற்றிலும் படைப்பு இருமுறை சொல்லப்படுகின்றது. முதல் அதிகாரத்தில் ஆறு நாட்களின் படைப்பு வரிசையாக நிகழ, இறுதியில் ஆணும் பெண்ணும் ஒருங்கே தோன்றுகின்றனர். இரண்டாம் அதிகாரத்திலோ ஆண் மண்ணால் முதலில் உருவாக்கப்பெறுகின்றான், பின்னர்த் தோட்டம், பின்னர் விலங்குகளும் பறவைகளும், அதற்கும் பின்னரே அவனுடைய விலா எலும்பினின்று பெண் உருவாகின்றாள்.

இவ்வளவு பெரிய செய்தி இவ்வளவு சுருங்கிய சொற்களிலே சொல்லப்படுமாயின், சொல்லப்படாதவை எத்தனை இருக்கும்! அவ்விருவரும் தோட்டத்தில் என்ன பேசிக்கொண்டனர்? வெளியேறிய அன்று இரவு எங்கே உறங்கினர்? முதன்முதலில் நெருப்பை மூட்டியவர் யார்? மறைநூல் வாய் திறவாத இத்தகைய இடங்களிலேதான் புனைகதை ஆசிரியர்கள் தம் குடிலைக் கட்டிக்கொண்டனர். மறுப்பதற்காகச் சிலர் எழுதினர். போற்றுவதற்காகச் சிலர் எழுதினர். தம் சொந்தத் துயரை இறக்கிவைக்க ஒரு சுமைதாங்கி வேண்டிச் சிலர் எழுதினர்.

அவர்கள் தொட்ட செய்திகள் பலவற்றுள் யாம் ஒன்றையே அன்று எடுத்துக்கொண்டோம். அது பெயரிடுதல் என்பது.

இரண்டாம் அதிகாரத்தில், எல்லா உயிர்களும் ஆதாமின் முன்னர்க் கொண்டுவரப்படுகின்றன. அவன் எவ்வுயிரை எப்பெயரால் அழைத்தானோ அதுவே அதன் பெயராயிற்று என்கின்றது நூல். அவ்வேளையில் பெண் இன்னும் படைக்கப்பெறவில்லை. ஆதலின் உலகில் உள்ள பெயர்களெல்லாம் ஆண் இட்ட பெயர்கள் என்றாகின்றது. மூன்றாம் அதிகாரத்தின் இறுதியில் ஏவாள் என்னும் பெயரைத் தன் மனைவிக்கு இடுபவனும் அவனே. இச்செய்தியைப் பிற்காலத்தார் மூவர் மாற்றியமைத்தனர். மூவரும் மாற்றிய திசை ஒன்றாய் இருப்பதுதான் வியப்பு.

முதல்வர் மில்டன். 1652 அளவில் முற்றும் பார்வையிழந்த அப்பெரும்புலவர், பிறர் எழுதச் சொல்லிச் சொல்லியே தம் காவியத்தை முடித்தார். 1667இல் அது பத்துக் காண்டங்களாகவும், 1674இல் பன்னிரண்டு காண்டங்களாகவும் வெளிவந்தது. 80 வசனங்கள் பதினாயிரத்திற்கும் மேற்பட்ட அடிகளாக அவர் கையில் விரிந்தன. நம்மவருக்கும் அக்காவியம் புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே வெள்ளகால் ப. சுப்பிரமணிய முதலியார் அதன் முதற் காண்டத்தைச் 'சுவர்க்க நீக்கம்' என்னும் பெயரால் தமிழ்ச் செய்யுளில் தந்தார். யாம் பிறந்த திருநெல்வேலிச் சீமையின் புலவர் அவர்.

அக்காவியத்தின் பதினோராம் காண்டத்தில், தோட்டத்தைவிட்டு நீங்க வேண்டும் என்னும் ஆணை வந்து சேர்கின்றது. அது கேட்டு ஏவாள் புலம்புகின்றாள். அவள் புலம்புவது பெருஞ்செல்வத்தை இழந்தோமே என்றன்று. தன் கையால் வளர்த்த பூச்செடிகளை எண்ணிப் புலம்புகின்றாள். தானே பெயரிட்ட அப்பூக்களுக்கு இனி யார் நீர் வார்ப்பார், யார் அவற்றை வெயிலுக்கு நிமிர்த்தி வைப்பார் என்று கேட்கின்றாள். விலங்குகளுக்குப் பெயரிட்டவன் ஆதாம் என்று மறைநூல் சொல்ல, பூக்களுக்குப் பெயரிட்டவள் ஏவாள் என்று மில்டன் சேர்த்தார். சிறிய சேர்க்கைதான், ஆனால் வீட்டைவிட்டு நீங்கும் பெண்ணின் துயரம் எங்கே இருக்கும் என்பதை அறிந்த சேர்க்கை.

இரண்டாமவர் மார்க் டுவெயின். அமெரிக்க நாட்டு நகைச்சுவை மன்னர் எனப் போற்றப்பெற்ற அவர் 'ஆதாமின் நாட்குறிப்பு' என்னும் சிறுகதையை 1893இல் வெளியிட்டார். நயாகரா நீர்வீழ்ச்சி பற்றிய தொகுப்பு நூல் ஒன்றில் அது வந்தது. ஆதலின் ஏதேன் தோட்டமே நயாகராக் கரைக்கு வந்துவிட்டது! தனியே அமைதியாய் வாழ்ந்துகொண்டிருந்த ஆதாமுக்கு, நீண்ட கூந்தலையுடைய புதிய உயிர் ஒன்று பெருந்தொல்லையாகின்றது. அது எப்போதும் பேசுகின்றது. அவன் கட்டிய குடிலில் வந்து புகுகின்றது. விரட்டினால் கண்களிலிருந்து நீரைச் சிந்துகின்றது. எல்லாவற்றினும் பெருங்கொடுமை, எதிர்ப்படும் உயிர்க்கெல்லாம் அவன் வாய் திறக்குமுன் அதுவே பெயர் வைத்துவிடுகின்றது. ஏன் அப்பெயர் என்று கேட்டால், பார்த்தால் அப்படித்தான் இருக்கின்றது என்பதே விடை. தோட்டத்தின் பெயரைக்கூட அது மாற்றிவிடுகின்றது. முதற் குழந்தை பிறந்தபோது, இஃது என்ன உயிர் என்று ஆதாமுக்கு விளங்கவில்லை. மீனோ என்று ஐயுறுகின்றான், கங்காருவோ என்கின்றான், கரடியாகவும் இருக்கலாம் என்று முடிவு செய்கின்றான். கூட்டத்தில் இவ்விடம் வந்தபோது சிரிக்காதவர் இல்லை.

ஈராறு ஆண்டுகள் கழிந்து, 1905இல் 'ஏவாளின் நாட்குறிப்பு' ஓர் இதழில் வெளிவந்தது, 1906இல் நூலாயிற்று. அதிலே அதே நிகழ்ச்சிகளைப் பெண்ணின் கண்கொண்டு பார்க்கின்றோம். பெயரிடும் வேலையை அவள் ஏன் தன் தலைமேல் போட்டுக்கொண்டாள்? ஆதாமுக்கு அதில் திறமை இல்லை. அது தனக்குத் தெரிந்துவிட்டது என்பதை அவன் அறிந்தால் நாணுவான். ஆகவே புதிய உயிர் ஒன்று தென்படும்போதெல்லாம், அவன் திகைத்து நிற்குமுன், ஏதோ தற்செயலாகச் சொல்வது போல அவள் அதன் பெயரைச் சொல்லிவிடுகின்றாள். அவன் தொல்லை என்று எழுதியது, அவள் அவன் மானத்தைக் காத்த செயலாகும். ஒரே செய்தி, குறிப்பேடுகள் இரண்டு.

அந்நூலில் ஏவாளின் உருவத்தை ஆடையின்றி வரைந்திருந்தனர். அதனால் 1906இல் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சார்ல்டன் என்னும் சிற்றூரின் நூலகத்தார் அதனைத் தம் அலமாரியினின்றும் நீக்கினர். நீக்கிய நூல் அவ்வலமாரிக்குத் திரும்பியது 2011இல். பழைய கதையைப் புதிதாகச் சொல்பவருக்கு எவ்வூரிலும் இவ்வகை வரவேற்பு உண்டு போலும்.

இவ்விரு நாட்குறிப்புகளுக்கும் இடையே டுவெயினின் வாழ்வில் நிகழ்ந்தவற்றையும் அறிதல் வேண்டும். கடனில் மூழ்கிய அவர், அதனைத் தீர்க்க 1895, 1896ஆம் ஆண்டுகளில் உலகைச் சுற்றிச் சொற்பொழிவாற்றினார். அச்சுற்றில் 1896 பிப்பிரவரியில் நம் கல்கத்தாவிற்கும் வந்து பேசினார். அவருடைய மனைவி ஒலிவியாவும், மகள்களுள் ஒருவரும் உடன் வந்தனர். 1870இல் அவரை மணந்த ஒலிவியா, 1904 ஜூன் திங்களில் இத்தாலி நாட்டுப் பிளாரன்சு நகரில், பிறந்த மண்ணுக்கு வெகு தொலைவில் உயிர்நீத்தார். ஏவாளின் நாட்குறிப்பு அதற்கு அடுத்த ஆண்டில் வெளிவந்தது. ஆதலினால்தான் நகைச்சுவையாகத் தொடங்கும் அந்நூல் ஒரு கல்லறையின் அருகே முடிகின்றது. ஏவாள் எங்கே இருந்தாளோ அதுவே தனக்குத் தோட்டமாய் இருந்தது என்னும் கருத்துப்பட ஆதாம் ஒரே ஒரு தொடர் சொல்லி நிறுத்துகின்றான். தோட்டத்தை இழந்ததற்காக அவன் அழவில்லை.

கூட்டத்தில் இதுவரை தடையின்றிப் பேசினோம். இனிச் சொல்வது, அன்று சொல்லாமல் விட்டது.

ஒலிவியா கணவருடன் வந்து சென்ற இதே நகருக்கு, எழுபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1971இல் எம் துணைவியார் எம்முடன் வந்தார். ஹவுரா மெயிலில் இரண்டு இரவுகள் கழித்து இறங்கியபோது அவர்க்கு வயது இருபது. தமிழன்றி வேறு மொழி அறியார். யாமோ அலுவலகத்தில் ஆங்கிலத்தைக் கொண்டு காலம் கழித்தோம். வங்க மொழி கற்க வேண்டிய தேவையே எமக்கு நேரவில்லை. கடைத்தெரு முழுவதும் அவர் பொறுப்பாயிற்று. இவ்வூருக்கு வந்த நம் குடும்பங்களில் பெரும்பாலும் இதுவே வழக்கம் என்பதை அன்பர்கள் அறிவர்.

லேக் மார்க்கெட்டில் முதல் நாள் அவர் மொச்சை கேட்டார். கடைக்காரர் மகிழ்ச்சியுடன் ஒரு வாழைப்பூவை எடுத்து நீட்டினார். வங்காளத்தில் வாழைப்பூவுக்கு மோச்சா என்று பெயர். மொச்சைக்குழம்பு வைக்கப் போனவர் வாழைப்பூ வடை சுட்டார். அன்று சிரித்துக்கொண்டே சாப்பிட்டோம். பின்னர் ஒவ்வொன்றாய் அவர் கற்றார். சுரைக்காய் லாவ் ஆயிற்று. பீர்க்கு ஜிங்கே ஆயிற்று. வாழைத்தண்டு தோர் ஆயிற்று. முதலில் 'பௌதி' என்று அண்ணி முறை வைத்து அழைத்த கடைக்காரர், தலை நரைத்தபின் 'மாசிமா' என்று சிற்றன்னை முறைக்கு மாற்றினார். ஆண்டுப் பிறப்பு ஏறத்தாழ ஒரே நாளில் வரினும் அவர்களுக்கு அது வைசாகம், நமக்குச் சித்திரை என்பதையும் எமக்கு அவரே கண்டு சொன்னார்.

ஆயின் தமிழில் பெயரே இல்லாத பண்டங்களுக்கு என் செய்வது? ஊருக்குக் கடிதம் எழுதும்போது எப்படிச் சொல்வது? அவர் தாமே பெயரிட்டார். பச்சை உடலில் வெண்கோடு ஓடும் பொட்டோல் என்னும் காய், 'கோடு போட்ட கோவைக்காய்' ஆயிற்று. மணம் மிகுந்த கந்தராஜ எலுமிச்சையை 'நார்த்தை எலுமிச்சை' என்றார். குளிர்காலத்தில் ஈச்சமரத்துப் பதநீரைக் காய்ச்சி வரும் புது வெல்லம் 'பனிக்காலக் கருப்பட்டி' ஆயிற்று. எம் மக்கள் மூவரும் இப்பெயர்களையே தமிழ் என்று நம்பி வளர்ந்தனர். ஒருமுறை விடுமுறைக்குத் தென்காசி சென்ற மூத்த மகன், ஆச்சியிடம் கோடு போட்ட கோவைக்காய் கேட்டு அழ, அந்த அம்மையார் தெருவெல்லாம் விசாரித்தார் என்பது எம் குடும்பத்தில் இன்றும் வழங்கும் கதை.

இவை எல்லாம் நிகழ்ந்தபோது எமக்கு இவற்றில் பொருள் தோன்றியதில்லை. பெயர்களைக் கேட்டோம், உணவை உண்டோம், நாளேட்டைப் பிரித்தோம். டுவெயினின் ஆதாமைப் படித்துச் சிரித்த அளவுக்கு எம்மைப் பார்த்துச் சிரிக்க எமக்குத் தோன்றவில்லை.

கூட்டம் முடிந்தபின் எம்மிடம் ஒருவர் வந்தார். நாசரேத்திலிருந்து வந்து இவ்வூரில் செவிலியராய்ப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். எம் துணைவியாருக்கு நாற்பதாண்டு காலத் தோழி. 'அக்கா' என்றே எம் இல்லத்தில் அவர்க்குப் பெயர். பேச்சின் நடுவே அவர் முகம் வாடியிருந்ததை யாம் கண்டிருந்தோம்.

"அண்ணாச்சி, சிரிச்சதைத் தப்புன்னு சொல்ல வரலை. ஆனா எங்க வீட்டுல அந்த அதிகாரத்தைத் தலையில துணி போட்டுக்கிட்டு வாசிப்போம். அதை நினைச்சுக்கிட்டேன்," என்றார்.

யாம் வருத்தம் தெரிவித்தோம். அவர் அதனைக் கேட்டுக்கொள்ளாதவர் போலக் கைப்பையிலிருந்து தம் விவிலியத்தை எடுத்தார்.

"ஏவாள் பேரு வைச்சதுக்கு நீங்க அமெரிக்கா வரைக்கும் போக வேண்டாமே! இங்கேயே இருக்கே, பாருங்க," என்று நான்காம் அதிகாரத்தின் இருபத்தைந்தாம் வசனத்தில் விரல் வைத்தார்.

படித்தோம். ஆபேலைக் காயீன் கொன்றபின் ஏவாளுக்கு மீண்டும் ஒரு மகன் பிறக்கின்றான். இழந்த பிள்ளைக்கு ஈடாக இறைவன் வேறொரு பிள்ளையைத் தந்தார் என்று சொல்லி, அவனுக்குச் சேத் என்று பெயரிடுகின்றாள். பெயரிட்டவள் அவளே என்பது அங்கே தெளிவாக உள்ளது. எத்தனையோ முறை படித்த அதிகாரம். எம் கண்ணில் படவேயில்லை.

"அடுத்த அதிகாரத்துல ஆதாம் பேரு வைச்சான்னும் இருக்கு," என்று அக்கா நேர்மையாக அதனையும் காட்டினார். "ரெண்டு பேரும் சேர்ந்து வைச்சிருப்பாங்க. அவ சொல்லியிருப்பா, இவன் எழுதிக்கிட்டிருப்பான்."

யாம் அன்று ஒரு மணி நேரம் பேசியதன் சாரத்தை அவர் ஒரு நொடியில் சொல்லிவிட்டார். தோட்டத்தினுள்ளே பெயரிட்டவன் ஆதாம். அங்கே எல்லாம் தாமே அவன் முன் கொண்டுவரப்பட்டன. தோட்டத்திற்கு வெளியே, முள்ளும் குருக்கும் முளைத்த நிலத்தில், ஒரு பிள்ளையைப் புதைத்தபின், பெயரிடும் வேலை பெண்ணின் கைக்கு வந்தது. மில்டனும் டுவெயினும் மறைநூலை மாற்றிவிட்டனர் என்று யாம் பேசினோம். மாற்றவில்லை, அதிலே அடங்கியிருந்த ஒன்றை முன்னே கொண்டுவந்து வைத்தனர், அவ்வளவே. நம்பிக்கையோடு படிப்பவர் கண்ணுக்கு அது முன்னமே தெரிந்திருந்தது.

மூன்றாம் எழுத்தாளரைப் பற்றிக் கூட்டத்தில் இரண்டு சொற்றொடர்களோடு நிறுத்திக்கொண்டோம். நேரமில்லை என்று காரணம் கூறினோம். அது மெய்யன்று.

அவர் உர்சுலா லெ குவின் என்னும் அமெரிக்க அம்மையார், 2018இல் மறைந்தார். கலிபோர்னியாப் பழங்குடி மக்களிடையே ஆய்வு செய்த மானிடவியல் அறிஞர் ஆல்பிரட் குரோபரின் மகள். 1985இல் 'நியூயார்க்கர்' இதழில் அவர் எழுதிய மிகச் சிறிய கதை ஒன்றில், படைப்புக் கதை பின்னோக்கி நடக்கின்றது. ஏவாள் எல்லா உயிர்களின் பெயர்களையும் நீக்கிவிடுகின்றாள். பெரும்பாலான உயிர்கள் கவலையின்றிப் பெயரைத் திருப்பித் தருகின்றன. பூனைகள் தமக்குப் பிறர் இட்ட பெயர் என்றுமே இருந்ததில்லை என்கின்றன. பெயர்கள் போனதும், அவளுக்கும் அவ்வுயிர்களுக்கும் இடையே நின்ற ஒரு சுவர் விழுந்தது போலாகின்றது. அச்சமும் அன்பும் நெருங்கி வருகின்றன. கடைசியில் தன் பெயரையும் ஆதாமிடம் திருப்பிக் கொடுக்கப் போகின்றாள். அவனோ ஏதோ வேலையாய் இருக்கின்றான். அங்கே வைத்துவிட்டுப் போ என்பது போலப் பேசுகின்றான். அவள் சொன்னது என்ன என்பதைக் கேட்கவே இல்லை. அவள் புறப்பட்டுப் போகின்றாள். அவன் கவலையெல்லாம் தோட்டத்துச் சாவியைப் பற்றியும் இரவு உணவைப் பற்றியுமே.

இதனைக் கூட்டத்தில் விரித்துச் சொல்ல எமக்கு நா எழவில்லை. காரணம், எம் துணைவியார் முன்வரிசையில் அமர்ந்திருந்தார்.

நான்கு ஆண்டுகளாக அவர் பெயர்களை இழந்து வருகின்றார். முதலில் அண்டை வீட்டுக் குழந்தைகளின் பெயர்கள் போயின. பின்னர்த் தெருக்களின் பெயர்கள். பின்னர் வங்க மொழியில் அரிதின் முயன்று கற்ற காய்களின் பெயர்கள் ஒவ்வொன்றாய். இது மூளையைப் பற்றிய நோய் என்றும், தடுத்து நிறுத்தும் மருந்து இல்லை என்றும், வழக்கமான வாழ்வொழுங்கும் பழகிய முகங்களும் துணைசெய்யும் என்றும் மருத்துவர் கூறினார். இவற்றை எழுதலாமா என்று மக்களைக் கேட்டோம். எழுதுங்கள் அப்பா, நம் போன்ற வீடுகள் இன்னும் இருக்குமல்லவா என்றனர்.

லெ குவினின் ஏவாள் தானே விரும்பிப் பெயர்களைக் கைவிட்டாள். எம் துணைவியார் விரும்பிக் கைவிடவில்லை; ஆதலின் இரண்டையும் ஒன்றென்று சொல்ல யாம் துணியோம். ஆயினும் அக்கதையில் வேறொன்று எம்மைச் சுட்டது. அவ்வாதாம் கேட்கவில்லை. எம் துணைவியார் தடுமாறத் தொடங்கிய நாட்களில், "அது என்ன, அது வாங்கி வாங்களேன்" என்று அவர் சொல்லும்போதெல்லாம், "எது என்று தெளிவாகச் சொல்" என்று செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தவர் யாம். ஓராண்டு காலம் அவ்வாறே கழிந்தது. அவர் தம் பெயர்களைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். யாம் அங்கே வைத்துவிட்டுப் போ என்றோம்.

இப்போது கடைத்தெருவுக்கு யாம் போகின்றோம். ஐம்பதாண்டுகளுக்கு மேல் இந்நகரில் வாழ்ந்தும் காய்களின் பெயர் அறியாத முதியவனைக் கண்டு கடைக்காரரின் மகன் சிரிக்கின்றான். விரலால் சுட்டிக் காட்டி வாங்குகின்றோம். அவன் சொல்லும் பெயரை ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதிக்கொள்கின்றோம். பக்கத்தில் எம் துணைவியார் இட்ட பெயர் நினைவிருந்தால் அதனையும் எழுதுகின்றோம். நினைவில்லாதவற்றை மக்களிடம் தொலைபேசியில் கேட்கின்றோம். இளைய மகள் ஒரே மாலையில் பதினேழு பெயர்கள் சொன்னாள். அவற்றுள் ஒன்பது எமக்குத் தெரியாதவை. அவை எம் வீட்டு அடுக்களையில், எமக்கு ஐந்தடித் தொலைவில் பிறந்த பெயர்கள்.

சென்ற வாரம் கூடையைக் கொண்டுவந்து அவர் முன்னே வைத்தோம். ஒவ்வொன்றாய் எடுத்துப் பார்த்தார். சுரைக்காயைத் தடவிப் பார்த்துப் பேசாமல் வைத்தார். வாழைப்பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடியில் கிடந்த பொட்டோல் ஒன்றை எடுத்ததும் அவர் முகம் தெளிந்தது.

"கோடு போட்ட கோவைக்காய்," என்றார். "நறுக்கித் தரட்டுமா?"

கற்ற பெயர் போய்விட்டது. இட்ட பெயர் இருக்கின்றது. எவ்வளவு காலம் இருக்கும் என்பதை யார் அறிவார்? அன்று அவர் நறுக்க, அக்கா அருகிருந்து கத்தியைப் பார்த்துக்கொள்ள, யாம் அடுப்பருகே நின்றோம். குறிப்பேட்டில் அன்றைய நாளையும் குறித்து வைத்தோம்.

அன்பர்களே, சொந்த ஊரைத் துறந்து வந்தவர்களாகிய நாம் தமிழ் வளர்த்தோம் என்று சங்க ஆண்டு விழாக்களில் பெருமையோடு சொல்லிக்கொள்கின்றோம். நூலகம் வைத்தோம், நாடகம் நடத்தினோம், பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தோம். அவை மெய்யே. ஆயின் இப்புதிய மண்ணில் கண்ட மரத்துக்கும் காய்க்கும் புயலுக்கும் வெல்லத்துக்கும் தமிழில் பெயர் வைத்தவர்கள் பெரும்பாலும் மேடைக்கு வராத நம் தாய்மாரும் மனைவியருமே ஆவர். அப்பெயர்கள் எந்த அகராதியிலும் ஏறவில்லை. அவர்கள் நினைவோடு அவையும் போய்விடும்.

ஆதலின் ஒரு வேண்டுகோள். இன்று மாலை உங்கள் இல்லத்து மூத்த பெண்மணியின் அருகே ஒரு குறிப்பேட்டுடன் அமருங்கள். இவ்வூருக்கு வந்த புதிதில் எதனை எப்பெயரிட்டு அழைத்தீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லட்டும், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.